சட்டையில் ஒட்டிய வாசம்

தப்பாகச் சொல்லிவிடுவேன். அதுதான் பயம். கூட வேலை பார்க்கிற சகாயமேரி பெயரை எடுத்ததும் எனக்குக் கோபம் வரும், கோபம் வந்தால் முன்னால் நடந்தது பின்னால் போய்விடும், பின்னால் நடந்தது முன்னால் வந்து நிற்கும். விசாரிக்க வந்திருக்கிற லேபர் ஆபீசர் பேனாவை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு, "முதல்ல இருந்து சொல்லுங்கம்மா" என்பார். எது முதல்? தேன்கூடு முதலா, கேன் கழுவியது முதலா, நான் சட்டையைக் கழற்றிக் கொடுத்தது முதலா? ஏழாம் வகுப்போடு நின்றவள் நான். கணக்கு டீச்சர் போர்டுக்குக் கூப்பிட்டால் விடை தெரிந்திருந்தும் தப்பாக எழுதிவிட்டு வருவேன், பெஞ்சில் வந்து உட்கார்ந்த பிறகுதான் சரியான விடை வந்து நிற்கும். இங்கே திரும்பப் போய் அழித்து எழுத முடியாது. எழுதினால் எழுதியதுதான். மணி மூன்றேகால். நாலு மணிக்கு மேல் கூப்பிடுவார்களாம். மிட்டாய்க் கம்பெனியின் லோடு ஏற்றும் கொட்டகையில் சீனி மூட்டைமேல் உட்கார்ந்திருக்கிறேன். மடியில் சோற்றுப் பை, பைக்குள் தூக்குச்சட்டி, சட்டிக்கு அடியில் பாலித்தீன் கவரில் இறுக்கி முடிச்சுப் போட்டு என் வேலைச் சட்டை. பதினெட்டு நாளாக அது அந்த முடிச்சுக்குள் கிடக்கிறது. பதினெட்டு நாளாகச் சகாயமேரி பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறாள். அறுபது தேனீக் கொட்டு, அதற்குமேல் நர்ஸ் எண்ணவில்லை. இரண்டு கிட்னியும் வேலை செய்யவில்லை, ஒன்று விட்டு ஒரு நாள் ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம்செய்து உள்ளே விடுகிறார்கள். தேனீக்கள் தானாகக் கொட்டியதா, இவள் சும்மா இருக்காமல் எதையாவது செய்து இழுத்துவிட்டுக்கொண்டாளா, அதை எழுதத்தான் ஆபீசர் வந்திருக்கிறார். அவளே இழுத்துக்கொண்டது என்று எழுதிவிட்டால் கம்பெனி அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காது. இன்னும் எத்தனை மாதம் அந்த மிஷினில் படுக்க வேண்டுமோ, யார் பார்ப்பார்கள், இரண்டும் பொம்பளைப் பிள்ளைகள், மூத்தது இப்போதுதான் எட்டாவது. அதெல்லாம் என் வாயில் இருக்கிறது. என் வாயிலா! காய்கறிக்காரனிடம் விலை கேட்டாலே குழறுகிற வாய்.

ஒன்று வந்துவிட்டது. தலையைத் திருப்பாமலே தெரிகிறது, மலைத்தேனீயின் சத்தம் வீட்டு ஈயின் சத்தம் மாதிரி இல்லை, கனமானது, தையல் மிஷினைத் தூரத்தில் மிதிக்கிற மாதிரி. வருவாய் என்று தெரியும். மேல்காற்று அடிக்கிறது, நான் மேற்கே உட்கார்ந்திருக்கிறேன், தண்ணீர்த் தொட்டி கிழக்கே இருக்கிறது, தொட்டியின் அடிவயிற்றில் கூடு. தீயணைப்பு வண்டிக்காரர்கள் வந்து கொளுத்திவிட்டுப் போனார்கள், ஒரே வாரம், மிச்சம் இருந்ததெல்லாம் அதே இடத்தில் வந்து அப்பிக்கொண்டது, கறுப்பாக, முறம் அகலத்துக்கு. என் பையிலிருந்து கிளம்புகிற வாசத்தைக் காற்று நேராக அங்கேதான் கொண்டுபோகும். முடிச்சுப் போட்டால் மட்டும் வாசம் நின்றுவிடுமா? அசையக் கூடாது. பாவி, கொட்டகையில் வேறு இடமே இல்லையா எனக்கு, வந்ததும் வராததுமாகக் காற்று பார்க்காமல் உட்கார்ந்தேனே. பார், நேராக வராது. ஒன்பது வருஷமாக இதைப் பார்க்கிறேன். எசன்ஸ் கேனைக் கழுவக் குந்தினால் எங்கிருந்தோ சின்ன ஈக்கள் வரும், எள் அளவு, எப்படித் தெரிகிறது இதுகளுக்கு என்று எரிச்சலோடு பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டேன். ஒருநாள் சாமிப் படத்துக்குக் கொளுத்திய ஊதுபத்தியைக் கேன்மேல் செருகி வைத்தேன். புகை கயிறு மாதிரி நீளமாகப் போகும் என்று நினைத்தால் போகவில்லை, இரண்டு முழம் போனதும் காற்று அதைப் பிய்த்துப் போட்டது, இங்கே ஒரு துணுக்கு, அங்கே ஒரு துணுக்கு, நடுவில் வெறும் காற்று. வாசமும் அப்படித்தான் போகும்போல. ஈ ஒரு துணுக்கில் முட்டியதும் காற்றை எதிர்த்து முன்னால் பாயும். பாய்ந்த இடத்தில் வாசம் இல்லையா, நின்றுவிடாது, திரும்பியும் போகாது, இடது பக்கம் வலது பக்கம் என்று குறுக்கே ஆடும், கரண்டு போன வீட்டில் தீப்பெட்டியைத் தடவுகிறோமே அந்த மாதிரி. அடுத்த துணுக்கு மூக்கில் பட்டதும் மறுபடி முன்னால். ஆட்டம் பெரிதாக இருந்தால் இன்னும் தூரத்தில் இருக்கிறது, ஆட்டம் சுருங்கச் சுருங்கக் கிட்டே வந்துவிட்டது. இதன் ஆட்டம் இப்போது இந்தத் தூணிலிருந்து அந்தத் தூண் வரைக்கும். அவ்வளவு அகலம். இன்னும் நேரம் இருக்கிறது. இதை ஆபீசரிடம் சொன்னால் சிரிப்பார். ஈயைப் பற்றி நீ எனக்குச் சொல்கிறாயா என்பார். சிரிக்கட்டும், இவர்கள் சிரிப்பதற்கென்றே நாங்கள் பேச வேண்டியிருக்கிறது.

கேனை எப்போதும் பின்னால் கிணற்றடியில்தான் கழுவுவேன். அதுதான் முதல். இல்லை, அதற்கும் முன்னால், கோமதிநாயகத்தின் பைக். சூப்பர்வைசர் கோமதிநாயகம் புதுப் பைக் வாங்கினார், கிணற்றடி வேப்பமரத்து நிழலில்தான் நிறுத்துவார், கழுவுகிற தண்ணீர் ஓடிவந்து அந்த இடம் சகதி ஆகிறதாம், பைக் டயர் அழுக்காகிறதாம். "இனிமே தொட்டிக்குக் கீழ கழுவு வெள்ளத்தாயி, பைப்பும் பக்கத்துலயே இருக்கு, ஒனக்குத்தான் நல்லது." எனக்கு நல்லது! தலைக்குமேல் கூடு தொங்குகிறதே சார் என்றேன். "அது பாட்டுக்கு அது இருக்கு, நீ பாட்டுக்கு நீ இரு. அதுக்கும் ஒனக்கும் என்ன பங்காளிச் சண்டையா?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை நினைத்தால்தான் இப்போது வயிறு எரிகிறது, நானும் பல்லைக் காட்டினேனே. அன்றைக்குப் பன்னிரண்டு கேன், பன்னிரண்டும் மஞ்சள் மூடி, வாழைப்பழ எசன்ஸ். ஆரஞ்சு என்றால் கை மட்டும் மணக்கும், வாழைப்பழம் விடாது, சேலையில் ஏறும், தலைமுடியில் ஏறும், சோற்றில் கை வைத்தால் சோறும் வாழைப்பழம். சேலைமேல் போட்டிருந்த சட்டை முன்பக்கம் பூராவும் நனைந்துவிட்டது. என் வீட்டுக்காரரின் பழைய கட்டம் போட்ட சட்டை, முழுக்கை. இங்கே எல்லாப் பொம்பளையும் அப்படித்தான், புருஷனுடையதோ மகனுடையதோ ஒரு சட்டையைச் சேலைமேல் மாட்டிக்கொள்வோம், பாகு தெறித்தால் தோல் உரிந்துவிடும். சட்டை இல்லாமல் பாகு அடுப்புப் பக்கம் போனால் கோமதிநாயகம் விட மாட்டார். அன்றைக்குச் சகாயமேரி சட்டையை மறந்துவிட்டு வந்திருந்தாள். கையைப் பிசைந்துகொண்டு நின்றாள், அரை நாள் போய்விடுமே என்று. நான்தான் கூப்பிட்டேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான். "ஏ மேரி, இந்தா இதப் போட்டுக்க, எனக்குக் கழுவுற வேலை முடிஞ்சது." அவள் மாட்டிக்கொண்டு கையைத் தூக்கி மோந்து பார்த்தாள். "என்னக்கா இது, இப்படி மணக்குது! பொண்ணு பாக்க வர்றாங்கன்னு சொல்லியிருந்தா நான் பூ வச்சிட்டு வந்திருப்பேன்ல." பின்னே என்னையும் நாலு பேர் திரும்பிப் பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டு, சிரித்துக்கொண்டே மேற்குப் பக்கம் விறகு எடுக்கப் போனாள். தொட்டிக்கு நேர்க்கீழே நின்றது நாங்கள் ஆறு பேர். கூட்டுக்குப் பத்தடிகூட இருக்காது. எங்கள் ஒருத்தி மேலும் ஒன்றுகூட உட்காரவில்லை. அவள் நாற்பதடி தள்ளி விறகுக் குவியலிடம் குனிந்திருந்தாள், அன்றைக்கும் மேல்காற்று. முதலில் ஒன்று போனது, குறுக்கே ஆடி ஆடி, நான் பார்த்தேன், பார்த்துக்கொண்டே நின்றேன், அவள் கழுத்தைத் தட்டினாள், ஸ்ஸ் என்றாள். அப்புறம் கூடு மொத்தமாகக் கழன்று விழுந்த மாதிரி இருந்தது. அதற்குமேல் வேண்டாம். அதை ஆபீசர் கேட்டாலும் சொல்ல மாட்டேன். அவள் சத்தத்தை நான் எந்த வார்த்தையில் சொல்ல? கோணிச் சாக்கை நனைத்துப் போர்த்தி இழுத்து வந்தோம் என்று மட்டும் சொல்லலாம்.

தூணில் பாதி. ஆட்டம் பாதியாகச் சுருங்கிவிட்டது. இப்போது இரண்டு தேனீ. பையை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு நகர்ந்துவிடலாமா? நகர்ந்தால் யாராவது எடுப்பார்கள், என்ன பை இது என்று திறப்பார்கள். ஆஸ்பத்திரியில் அன்றைக்கு நர்ஸ் கொடுக்குகளை எடுக்கும்போது நான்தான் தலையைப் பிடித்துக்கொண்டேன். நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுத்தாள் அந்தப் பிள்ளை. நாங்கள் வழியிலேயே சுண்ணாம்பு அப்பிவிட்டிருந்தோம், அதற்கு ஒரு திட்டு வாங்கினோம். கழுத்தை ஒட்டி நான் குனிந்தபோது வாசம் வந்தது. சட்டையைத்தான் கழற்றிவிட்டார்களே, ஆஸ்பத்திரிச் சோப்பு போட்டுத் துடைத்துவிட்டார்களே, பிறகு எங்கிருந்து வருகிறது? நர்ஸ்தான் கேட்டாள், "யாரும்மா இங்க வாழப்பழம் வச்சிருக்கிறது?" யாரும் வைக்கவில்லை. அந்தப் பிள்ளை கையில் இருந்த கொடுக்கைத் தன் மூக்குக்குக் கொண்டுபோனாள், முகத்தைச் சுளித்தாள், பிறகு என்னிடம் நீட்டினாள். கொடுக்குதான். அந்தக் கொடுக்கில்தான் வாசம். மஞ்சள் மூடியைத் திருகித் திறந்தால் வருமே, அதே வாசம், கொஞ்சமும் மாற்றமில்லை. ஒன்பது வருஷம் அதில் ஊறிய மூக்கு எனக்கு, அது தப்பாகச் சொல்லாது. வாய் தப்பாகச் சொல்லும், மூக்கு சொல்லாது. ஒரு தேனீ கொட்டினால் கொட்டிய இடத்தில் அந்த வாசத்தை வைத்துவிட்டுப் போகிறது, இதோ இவள்தான் என்று, மற்றது எல்லாம் அதைப் பிடித்துக்கொண்டு வருகிறது. ஒருத்தி கொட்டுவதற்கு முன்பே அந்த வாசத்தில் குளித்து நின்றால்? இதோ இவள்தான் என்று நானே அவள்மேல் எழுதி அனுப்பினேனே! என் கையால் பித்தான் போட்டுவிட்டேன், கழுத்துப் பித்தான் வரைக்கும், பாகு தெறிக்கும் பிள்ளை என்று. போன வெள்ளிக்கிழமை பார்க்கப் போனேன். முகம் வீக்கம் வடிந்து கண் தெரிந்தது. மெதுவாகக் கேட்டாள், "எக்கா, அத்தனை பேரு நின்னீங்க, என்னைய மட்டும் ஏன்க்கா தேடி வந்துச்சு? எங்க மாமியா சொல்லுது, நான் ஏதோ பாவம் பண்ணியிருக்கேனாம். யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன், அப்படி என்ன பண்ணேன்னு தெரியலக்கா." நான் என்ன சொன்னேன்? சாத்துக்குடி உரிக்கட்டுமா என்றேன். த்தூ. சாத்துக்குடி உரிக்கட்டுமா என்று கேட்டேன். அவள் மாமியாரை அறைய வேண்டும்போல இருந்தது, அறைய வேண்டியது என்னை.

"என்ன வெள்ளத்தாயி, காத்து வாங்குறியா?" கோமதிநாயகம்தான். சட்டை கசங்காமல், பாக்கெட்டில் இரண்டு பேனா. எழுந்திருக்கவில்லை நான், எழுந்தால் மடி அசையும். "ஆபீசரு காபி குடிக்கிறாரு. முடிஞ்சதும் ஒன்னத்தான் கூப்பிடுவாரு. என்ன சொல்லணும்னு ஞாபகம் இருக்குல்ல?" இருக்கு சார். "எங்க சொல்லு பாப்போம்." பள்ளிக்கூடத்தில் கேட்பதுபோல. அவரே சொன்னார், "விறகு எடுக்கப் போனா. தேனு எடுக்கலாம்னு கல்ல விட்டு எறிஞ்சா. நீ பாத்த. அம்புட்டுத்தான். நீட்டி முழக்காத, ஒனக்கு வாய் குழறும்." கேன் கழுவுன எடத்தக் கேட்டா என்ன சார் சொல்ல? "எப்பவும்போலக் கிணத்தடியிலதான் கழுவுறோம். ஏன், மாத்தி எங்கயும் கழுவுனியா?" என் கண்ணைப் பார்த்தே கேட்டார். ஒரு மனுஷனால் இப்படிப் பார்த்துக் கேட்க முடிகிறதே. பிறகு குரலைத் தணித்தார், அவர் குரலைத் தணிக்கும்போதுதான் எனக்கு அதிகப் பயம். "இங்க பாரு தாயி. அவ போட்டிருந்தது யாரு சட்டை? ஒன் சட்டை. எசன்ஸ ஊத்தி ஊற வச்சது யாரு? நீ. நான் இதுவரைக்கும் யாருகிட்டயாவது மூச்சு விட்டேனா? நீ ஒன்னு சொன்னா நான் ஒன்னு சொல்ல வேண்டியதா இருக்கும். அடுப்புல போடச் சொன்னேனே, போட்டியா?" போட்டுட்டேன் சார். "நல்லது." ஆக, இவருக்கும் தெரிந்திருக்கிறது. வாசம்தான் காரணம் என்று அவரும் மோந்திருக்கிறார், அதனால்தான் அடுப்பு. எனக்கு மட்டும்தான் தெரியும் என்று பதினெட்டு நாளாக நான் ஒருத்தி வெந்துகொண்டிருக்கிறேன், இந்த ஆள் தெரிந்துகொண்டே பைக்கைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்! அடுப்புவாய் வரைக்கும் கொண்டுபோனேன்தான். காலரில் ஒரு கொடுக்கு தொங்கியது, நூல் பிசிறு மாதிரி, அதில் துளி ஈரம்கூட இருந்தது. கை வரவில்லை. கவரில் போட்டு முடிந்தேன். ஏன் என்று அப்போது தெரியாது.

"ச்சீ, இங்கயும் வந்துருச்சு சனியன்" என்று அவர் கையை வீசினார். இரண்டில் ஒன்று விலகி மேலே போய் மறுபடி ஆடத் தொடங்கியது. கைய வீசாதீங்க சார், சும்மா நில்லுங்க, ஒங்கள அது தேடல என்றேன். குழறாமல் வந்தது அது. அவர் ஒரு மாதிரி என்னைப் பார்த்தார், பையைப் பார்த்தார். மோந்துவிட்டாரோ? மோந்தால் பிடுங்குவார். இப்போது ஆட்டம் ஒரு சாண். ஒன்று பையின் காதில் உட்கார்ந்துவிட்டது, நடக்கிறது, முடிச்சு இருக்கிற பக்கமாக நடக்கிறது, என்ன நிச்சயம் அதற்கு, யாரும் சொல்லிக்கொடுக்காமல், பள்ளிக்கூடம் போகாமல். இது இப்போது என்னைக் கொட்டினால் மீதி எல்லாம் இறங்கும். நான் உண்மையைச் சொன்னால் இவர் என்னைச் சொல்வார், நீதானே சட்டை கொடுத்தவள் என்று ஊரே சொல்லும், சகாயமேரியும் சொல்வாள், அவள் சொல்வதைத்தான் தாங்க முடியாது. பொய்யைச் சொன்னால் கல் எறிந்தவள் என்று அவள் மிஷினில் கிடப்பாள், எந்தப் பாவம் என்று யோசித்துக்கொண்டே கிடப்பாள். இரண்டு பக்கமும் கொட்டுதான். எது முதல், எது முதல் என்று இவ்வளவு நேரம் கிடந்து தவித்தேனே, அது இல்லை பயம். சட்டை என்னுடையது என்கிற அந்த ஒரு வார்த்தைதான் பயம். அதைச் சுற்றித்தான் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடிக்கொண்டிருந்திருக்கிறேன். "வெள்ளத்தாய் யாரும்மா? உள்ள வரச் சொல்றாங்க." எழுந்தேன். மெதுவாக, பானையைத் தலையில் வைத்த மாதிரி. பையைத் தூக்கியதும் உட்கார்ந்திருந்தது எழும்பியது, காதோரம் ஒரு சுற்று, கூடவே வருகிறது. வா.

ஆபீஸ் அறையில் மூன்று ஜன்னல், மூன்றும் திறந்து கிடந்தது. தலைக்குமேல் ஃபேன் ஓடியது. ஆபீசர் வயசானவர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார், மேஜையில் எழுதாத தாள். கோமதிநாயகம் என் பின்னாலேயே வந்து வாசற்படியில் கால் வைத்தார். "நானும் இருக்கேன் சார், இவுகளுக்குச் சரியாச் சொல்ல வராது." ஆபீசர் தலையை நிமிர்த்துவதற்குள் நான் கதவைச் சாத்தினேன், கோமதிநாயகத்தின் மூக்குக்கு நேராக. தாழ்ப்பாளைப் போட்டேன். அந்தப் பக்கம் "வெள்ளத்தாயி! ஏய், வெள்ளத்தாயி!" என்று தட்டினார். "உக்காருங்கம்மா, பயப்படாதீங்க, முதல்ல இருந்து சொல்லுங்க" என்றார் ஆபீசர். நான் உட்காரவில்லை. முதலில் ஃபேனை நிறுத்தினேன், அதுதான் வாசத்தை வெளியே தள்ளும். பிறகு மேற்கு ஜன்னல். பிறகு வாசலை ஒட்டிய ஜன்னல், அதற்கு வெளியே கோமதிநாயகத்தின் முகம், இரண்டு பேனா, கதவைத் தட்டாத இன்னொரு கை காதோரம் வீசிக்கொண்டிருந்தது. பிறகு கிழக்கு ஜன்னல், தொட்டியைப் பார்த்தது. அதன் கொக்கி மாட்டவில்லை, துரு. தூக்குச்சட்டியை வெளியே எடுத்து ஜன்னலுக்கு முட்டுக் கொடுத்தேன். "என்னம்மா செய்றீங்க, புழுங்குமே" என்றார் ஆபீசர். வெளியே இருந்து ஒரு தேனீ கண்ணாடியில் டொக் என்று மோதியது. இன்னொன்று. அவர் திரும்பிப் பார்த்தார். மூன்று ஜன்னலையும் ஒரு தடவை கையால் தள்ளிப் பார்த்துவிட்டு, அது என் சட்டை சார் என்றேன். என்றபடியே கவரை அவருடைய தாள்மேல் வைத்து, பல்லால் முடிச்சை அவிழ்த்தேன்.